முகராத வாசனை

"சாமி, உத்தரவு குடுங்க. நான் போறேன்" என்றார் தாணு.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க?"

"தெரியல. கால் போன போக்குல."

"கால் மட்டும் தனியாவா போகும்? நீங்களும்லா கூடப் போகணும்."



மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு நந்தவனம், அவ்வளவுதான். மேலே இருக்கும் அம்மன் கோயிலுக்கு அன்றாடம் பூ இங்கிருந்துதான் போகும். குரு உலகம்மைக்கு நாற்பத்தொரு வயது. சீடர் தாணுவுக்கு ஐம்பத்தாறு. ஊரில் சிலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. தாணுவுக்கு வேடிக்கை பார்க்கும் நிலைமை இல்லை.

"ஆறு வருசம் ஆச்சு, சாமி. தண்ணி இறைக்கச் சொன்னீங்க, இறைச்சேன். பேசாம இருக்கச் சொன்னீங்க, எட்டு மாசம் வாயைத் திறக்கல. நந்தவனத்தைப் பாருங்கன்னீங்க, பாத்தேன். ஒண்ணும் நடக்கல. ஒரு வார்த்தை என் காதை விட்டுப் போகணும்னுதான் இங்க வந்தேன். அது வந்த அன்னிக்கு எப்படிக் கேட்டுச்சோ அப்படியேதான் இன்னிக்கும் கேக்குது."

"என்ன வார்த்தை?"

தாணு திகைத்துப்போனார்.

"இத்தனை வருசத்துல நீங்க இதைக் கேட்டதே இல்லையே."

"நீங்க சொன்னதும் இல்லையே."

தாணு தரையைப் பார்த்தார். உலகம்மை ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"சரி, பௌர்ணமிக்குப் போங்க. பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள ஒரு வேலை."

"சொல்லுங்க."

"நந்தவனத்துல பூப் பறிக்க வார பிள்ளைங்க நேத்து வந்து நின்னுச்சுங்க. யாருக்கோ செண்ட் செஞ்சு குடுக்கணுமாம். கடையில வாங்கக் கூடாதாம், தாங்களே செய்யணுமாம். கூட இருந்து செஞ்சு குடுங்க."



"அது மட்டும் வேண்டாம், சாமி. வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க. மலையில இருந்து கல்லு சுமக்கச் சொல்லுங்க."

"கல்லு இங்க யாருக்கும் வேண்டாம். செண்டுதான் வேணும்."

"என்னால முடியாது."

"ஏன்?"

வேறு வழியில்லை. தாணு சொன்னார்.

"ஊர்ல நாட்டு மருந்துக் கடை வச்சிருந்தேன். பொண்டாட்டி பிள்ளை பெத்த வருசமே போய்ட்டா. மகளைக் கடையிலயே வச்சு வளத்தேன். வடிவுன்னு பேரு. எட்டு வயசு. ஒரு நாள் கடையில நல்ல கூட்டம். உள்ளயிருந்து ஒரு இருமல் மருந்து பாட்டிலைத் தூக்கிட்டு ஓடி வந்தா. பூவைப் பிச்சுப் போட்டு, தண்ணி ஊத்தி, பத்து நாளா எங்கயோ ஒளிச்சு வச்சிருந்திருக்கா. 'அப்பா, செண்ட் செஞ்சிருக்கேன், மோந்து பாருங்க'ன்னு மூடியத் திறந்து மூக்குகிட்ட நீட்டினா."

"ம்."

"தாங்க முடியாத நாத்தம். பூவெல்லாம் அழுகிப்போயிருந்துச்சு. மருந்து வாங்க வந்தவங்க மூக்கைப் பொத்திட்டு இறங்கிப் போறாங்க. எனக்கு வந்த கோபத்துல..."

"என்ன சொன்னீங்க?"

"'நாத்தம் பிடிச்ச கழுதை, என் கண்ணு முன்னால நிக்காத'ன்னேன். பாட்டிலைப் புடுங்கி, உள்ள இருந்ததைச் சாக்கடையில கொட்டிட்டு, பாட்டிலைத் தெருவுல வீசினேன்."

உலகம்மை இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை அழல, சாமி. தெருவுல கெடந்த பாட்டிலைப் போயி எடுத்தா. தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்து கழுவினா. பாவாடையில துடைச்சு, காலி பாட்டில் வைக்கிற தட்டுல கொண்டு போய் வச்சிட்டா. அன்னியிலேருந்து பதினோராம் நாள் காய்ச்சல் கண்டுச்சு. ரெண்டே நாள்தான்."

கிணற்றடியில் பிள்ளைகள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாம் முடிஞ்சு கடையைத் திறந்தேன். தட்டுல அந்தப் பாட்டில் இருந்துச்சு. எடுத்துத் திருப்பினேன். அடியில ஒரு துண்டுக் காயிதம், பாதி கரைஞ்சு, ஒட்டிக் கெடந்துச்சு. 'அப்பாவுக்கு'ன்னு எழுதியிருந்தா."

தாணு நிறுத்திக்கொண்டார். ஆறு வருடம் வாயில் வராத கதை இவ்வளவு சீக்கிரம் சொல்லி முடிக்கக் கூடியதாக இருந்தது அவருக்கே அவமானமாக இருந்தது.

குரு ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தார்.

உலகம்மை ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"பிச்சி இப்ப நல்லாப் பூக்குது" என்றார். "நாளைக்கே ஆரம்பிச்சிருங்க."



தாணு கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய துணிப்பையில், ஒரு பழைய துண்டில் சுற்றி, அந்தப் பாட்டில் இருந்தது. காகிதம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. கோந்துத் தடம் மட்டும் மிச்சம்.

அவருக்கு ஒரு எண்ணம் தோன்றியது. நல்லதாக ஒரு வாசனை செய்துவிட்டால்? பார்த்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லாமல் செய்து, வடிவின் பாட்டிலில் ஊற்றி, யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டால்? அந்த வார்த்தை அத்தோடு போய்விடாதா?

இவ்வளவு ஆசைப்படுவது அவருக்கு வழக்கமில்லை. ஆசைப்பட்டார். அதுதான் கஷ்டம்.



இங்கே நந்தவனத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அம்மனுக்குப் போகும் பூவை மனிதர் முகரக் கூடாது. முகர்ந்தால் அது எச்சில். இது எங்கும் உள்ளதுதான். தாணு வருவதற்கு முன்னால் பிள்ளைகள் மூக்கைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு பூப் பறிக்கும். யாராவது மறந்து முகர்ந்துவிட்டால், அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போகும்.

தாணு வந்த பிறகு சிரிப்பு நின்றது. துணி போதாது என்றார். செடி அருகே போகும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும். இருபது எண்ணுவதற்குள் பறிக்க வேண்டும். வேலியோரம் ஓடிப்போய் மூச்சை விட்டுவிட்டு மறுபடி வர வேண்டும். முகர்ந்தது தெரிந்தால் அன்று முழுவதும் நந்தவனத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பிள்ளைகள் பழகிவிட்டன. பிள்ளைகள் எதற்குத்தான் பழகாது?

எல்லாரும் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். தாணு எந்தப் பூவையும் முகரப் பயந்தார். ஆறு வருடமாக அவர் மூக்குக்கு ஒரு பூவும் வந்ததில்லை. பயந்தவர் போட்ட சட்டம் அது, வேறொன்றும் இல்லை.



ஐந்து பிள்ளைகள் வந்தன. பெரியவன் சுடலைமுத்து, பதினோரு வயது. கடைக்குட்டி கொம்பையா, ஆறு. நடுவில் பேச்சி என்று ஒரு எட்டு வயதுக்காரி. மற்ற இரண்டும் அவள் என்ன செய்தாலும் அதையே செய்கிறவை.

"யாருக்குட்டி செண்ட்?" என்று தாணு கேட்டார்.

"சொல்ல மாட்டோம்" என்றாள் பேச்சி.

"ஏன்?"

"சாமி சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க, மாமா."

பள்ளிக்கூட டீச்சருக்கு மாறுதல் வந்திருப்பதாகத் தாணு கேள்விப்பட்டிருந்தார். அவருக்காகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்.

"பூவைத் தண்ணியில போட்டா அழுகிப்போகும்" என்று ஆரம்பித்தார். "எள்ளுல வைக்கணும். சாடியில ஒரு அடுக்கு எள்ளு, ஒரு அடுக்குப் பிச்சி, மறுபடி எள்ளு. சாயங்காலம் வச்ச பூவைக் காலையில எடுத்துடணும். அன்னிக்குச் சாயங்காலம் புதுப் பூ. இப்படியே எட்டு நாள். பூவோட வாசனையை எள்ளு குடிச்சிடும். அப்புறம் எள்ளை இடிச்சு எண்ணெய் எடுத்தா அதுதான் செண்ட்."

"எள்ளு குடிச்சிடுச்சுன்னு எப்படி மாமா தெரியும்?" என்றான் சுடலைமுத்து.

"கொஞ்சம் எடுத்து மோந்து..."

தாணு நிறுத்தினார். ஐந்து பிள்ளைகளும் அவரையே பார்த்தன.

"யாரு மோந்து பாக்குறது?" என்றான் கொம்பையா.

"யாரும் மோக்க வேண்டாம். ஒருத்தருக்குக் குடுக்கப் போற பொருள் சாமிக்குப் போற பூ மாதிரி. முறை தப்பாம செஞ்சா மோக்க வேண்டிய அவசியமே வராது."

சொல்லும்போது அவருக்கே அது நியாயமாகத்தான் பட்டது.



முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை.

பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூவைக் கொண்டுவரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சாடியில் பரப்பும். கொம்பையாவுக்குக் கன்னம் இரண்டும் பணியாரம்போல உப்பிவிடும். வெளியே ஓடிப்போய் 'புஸ்' என்று விடுவான். அதைப் பார்த்து மற்றவை சிரிக்க முடியாமல் தவிக்கும், சிரித்தால் மூச்சு உள்ளே போய்விடுமே.

தாணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு எழுந்து வந்து காத்திருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாரல் பிடித்துக்கொண்டது. மலைப்பக்கத்துச் சாரல் பிடித்தால் லேசில் விடாது. பிச்சியெல்லாம் நனைந்து கிடந்தது.

"ஈரப் பூ மாமா" என்றாள் பேச்சி.

"உதறிட்டு வை. ஒரு நாள் விட்டாலும் முறை தப்பிடும்."

உதறி வைத்தார்கள்.

மறுநாள் காலை சாடியைத் திறந்தபோது பேச்சி மூக்கில் கட்டியிருந்த துணி கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். தாணுவின் முழங்கையைத் தொட்டாள்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டா?"

"மூச்சைப் பிடி."

"இல்ல மாமா, இந்த எள்ளு..."

"பேசினா மூச்சு உள்ள போகும்னு எத்தனை தடவை சொல்லுதேன்? மூச்சைப் பிடிட்டி."

பேச்சி வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் உலகம்மை சாடி இருந்த அறை வாசலுக்கு வந்தார். கதவில் சாய்ந்து நின்றார். மூக்கு ஒரு தடவை சுருங்கி விரிந்தது.

"எப்படி வருது?"

"நல்லா வருது, சாமி."

"எப்படித் தெரியும்?"

"முறை தப்பாம செய்யுதோம்."

"முறைக்கு மூக்கு இருக்கா?"

குரு இப்படி எதையாவது கேட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். இதையும் பிறகு யோசிக்க வேண்டிய கேள்விகளோடு தாணு சேர்த்து வைத்துக்கொண்டார். பிறகு யோசிக்கவும் இல்லை.

ஆறாம் நாள் எள்ளின் மேல் மெல்லிசாக வெள்ளை படிந்திருந்தது. பூத்தூள் என்று நினைத்துக்கொண்டார். முப்பது வருடம் மருந்துக் கடை நடத்தியவருக்குப் பூசணம் தெரியாதா? தெரியும். ஆனால் நினைக்க வேண்டும் என்று இருந்துவிட்டால் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். அவருக்கு இந்த வாசனை நல்லதாக வந்தே ஆக வேண்டும்.



ஒன்பதாம் நாள் உரலை வெளியே உருட்டிக்கொண்டு வந்து போட்டு எள்ளை இடித்தார்கள். சாரல் காற்று சுழன்று அடித்தது. ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்து இருபது இடி இடித்துவிட்டு வேலிக்கு ஓடினார்கள். வெந்நீர் தெளித்து, தாணுவும் அவர்களைப் போலவே மூச்சைப் பிடித்துப் பிடித்து, எள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தார். சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒரு சின்னக் கிண்ணத்துக்குப் பாதி.

"பாட்டில் வேணுமே மாமா" என்றான் சுடலைமுத்து.

தாணு உள்ளே போனார். துணிப்பையைத் திறந்தார். துண்டைப் பிரித்தார். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் மாமாவைக் காணோமே என்று இரண்டு தடவை கூப்பிட்டன.

வெளியே வந்து பேச்சியின் கையில் கொடுத்தார்.

"இதுல ஊத்துங்க. பாட்டிலையும் சேத்துக் குடுத்துடுங்க. எனக்குத் திரும்ப வேண்டாம்."

"பழசா மாமா?"

"ஆமா."

"யாருது?"

"பத்திரமா வச்சுக்கோ. கீழ போட்டுடாத."

அன்று சாப்பாடு இறங்கியது அவருக்கு. ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். பரிமாறிக்கொண்டிருந்த உலகம்மை அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.



பௌர்ணமி காலை. தாணு குளித்து, நெற்றிக்கு இட்டு, பையைக் கட்டி வைத்திருந்தார். பை லேசாக இருந்தது. பாட்டில் இல்லாத பை அவர் கைக்குப் பழக்கமில்லை.

குருவின் காலில் விழுந்தார்.

"உத்தரவு சாமி."

"கொஞ்சம் இருங்க."

பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் குளித்திருந்தன. கொம்பையாவுக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்திருந்தது. பேச்சி முன்னால் வந்தாள். இரண்டு கையாலும் பாட்டிலை நீட்டினாள்.

"இந்தாங்க மாமா."

தாணுவுக்குப் புரியவில்லை.

"டீச்சருக்குக் குடுக்கலையா?"

"எந்த டீச்சர்?"

"இது யாருக்குட்டி செஞ்சது?"

"உங்களுக்குத்தான். நீங்கதான சாமிகிட்ட கேக்கறதுக்கு முந்தியே எங்ககிட்ட ஊரை விட்டுப் போகப்போறேன்னு சொன்னீங்க. உங்களையே கூட வச்சுச் செஞ்சோம், நீங்க கண்டுபிடிக்கவே இல்ல!" என்றான் சுடலைமுத்து. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

தாணு பாட்டிலை வாங்கினார். கை தன்பாட்டுக்கு அதைத் திருப்பியது. அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து.

'மாமாவுக்கு.'

"அடியில யாரு ஒட்டச் சொன்னா?" என்றார்.

"அங்கதான் ஏற்கனவே கோந்து இருந்துச்சு மாமா. அதுமேலயே ஒட்டிட்டேன்."

தாணு மூடியைத் திருகினார். பழக்க தோஷம், மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஐந்து பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. கொம்பையாவின் கன்னம் உப்பியது.

மூடி கையோடு வந்தது. எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"மூச்சை விடுங்க" என்றார் உலகம்மை.

பிள்ளைகள் தாணுவைப் பார்த்தன. அவர் விடாமல் அவை விடாது.

தாணு விட்டார். பிறகு உள்ளே இழுத்தார்.

காறிய எண்ணெய். நனைந்து மக்கிய சாக்கு. அதற்கும் அடியில், எப்போதோ பூவாக இருந்த ஏதோ ஒன்று. அன்று கடையில் மூக்குக்கு நேரே வந்த அதே நாற்றம். ஆறு வருடம் கழித்து, அதே பாட்டிலில்.

அந்த வார்த்தை கிளம்பி வந்தது. தடுப்பதற்குள் வாய்க்கு வந்துவிட்டது.

"நாத்தம் பிடிச்ச..."

கொம்பையா சுடலைமுத்துவின் பின்னால் போய் ஒளிந்தான்.

பேச்சி அசையவில்லை.

தாணு குருவைப் பார்த்தார்.

"பாத்தீங்களா சாமி? அங்கயேதான் இருக்கு. ஒரு எழுத்துக்கூடக் குறையல."

"ஆமா" என்றார் உலகம்மை. "இருக்கு."

 

பேச்சிதான் பேசினாள்.

"எனக்குத் தெரியும் மாமா. நாலாம் நாளே நாறிச்சு."

"தெரியுமா? ஏன்ட்டி சொல்லல?"

"சொல்ல வந்தேன். மூச்சைப் பிடின்னீங்க."

"அப்புறமாவது சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா மோந்தேன்னு தெரிஞ்சிடுமே. நந்தவனத்துக்குள்ள விட மாட்டீங்க."

தாணு கீழே உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"நாறுதுன்னு தெரிஞ்சுமா கொண்டாந்து குடுத்த?"

பேச்சி அவரைப் புரியாமல் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"உங்களுக்குன்னு செஞ்சதுலா மாமா" என்றாள். "வேற யாருக்குக் குடுக்க?"

தாணு பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் ஊற்றினார். கழுத்தில் தேய்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றி, மார்பில், தோளில், தலையில் தேய்த்தார். கடைசிச் சொட்டுவரை தட்டித் தட்டி எடுத்துத் தேய்த்தார்.

"ஐய, மாமா நாறுதாங்க" என்றான் கொம்பையா, சுடலைமுத்துவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

"ஆமாடே" என்றார் தாணு.

அப்புறம் அழுதார். மூக்கு ஒழுக, வாய் கோணி, பார்க்கச் சகிக்காதபடி அழுதார். கண்ணைத் துடைத்த கையிலும் அந்த நாற்றம்தான் இருந்தது. அழுததால் எதுவும் குறைந்த மாதிரி அவருக்குத் தெரியவில்லை. வடிவு வரப்போவதில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை இனி யாரிடமும் சொல்ல முடியாது. அதுவும் இப்போது முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

கட்டி வைத்த பை சுவரோரம் அப்படியே இருந்தது. உலகம்மை அதை எடுத்துக் கொடுக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை.

பாட்டில் தாணுவின் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. பேச்சி குனிந்து எடுத்தாள். உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். காலி. அதை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தாள்.

தாணு தலை நிமிர்ந்தார்.

"எங்கட்டி போற?"

"கழுவி வச்சிட்டு வாரேன் மாமா."

தாணு எழுந்து ஓடினார். தோளில் கிடந்த துண்டு வழியிலேயே விழுந்தது. அவர் போய்ச் சேர்வதற்குள் பேச்சி தொட்டியோரம் குத்தவைத்து உட்கார்ந்து, பாட்டிலைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவாத மக்கா" என்றார்.